மேரி கோமும் எங்க பெரியய்யாவும்

கோப்பைக்கு என்ன பேர் வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

ஏப்ரல் 14 அன்று ராயப்பன்பட்டியில் எங்க தெருவில் வருசா வருசம் விளையாட்டுப் போட்டி நடத்துகிறோம். காலையில் அம்பேத்கர் படத்துக்கு மாலை. அப்புறம் சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கிறது, கபடி. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் பரிசு கொடுப்பது. பெரிய விழா என்று சொல்ல முடியாது. சுத்துப்பட்டுக் காலனிகளில் இருந்து பிள்ளைக வரும், அவ்வளவுதான். போன தடவை பொம்பளைப் பிள்ளைகளுக்கும் கபடி வைக்கணும், அதுக்குத் தனியா ஒரு சுழற்கோப்பை வேணும் என்று அவர்களே காசு பிரித்தார்கள். பாதிப் பேர் கொடுத்தது திராட்சைப் பந்தலில் பழம் வெட்டப் போய் வாங்கின கூலி. அதனால் பேர் வைக்கிற பாத்தியதையும் அவங்களுக்குத்தான்.

பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை எழுந்து, "மேரி கோம் கோப்பைன்னு வைப்போம்" என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. என் அண்ணன் மகள் எழுந்தாள். மதுரையில் காலேஜ் படிக்கிறாள், அங்கே குத்துச்சண்டை பழகுகிறாள். எங்க தெருவிலேயே கையில் கிளவுஸ் மாட்டின ஒரே ஆள் அவள்தான். அவள்தான் ரொம்ப சந்தோசப்படுவாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"எனக்குச் சம்மதம் இல்ல சித்தப்பா. தோத்த பிள்ளைக்குக் கைகொடுக்காதவங்க பேரை நாம ஏன் வைக்கணும்?"

மேரி கோம் யார் என்று இந்த இதழ் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எங்க தெருவில் அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மணிப்பூரில் சுராசாந்த்பூர் மாவட்டத்தில் காங்காதெய் என்ற சின்ன ஊர். கோம் என்கிற சின்னப் பழங்குடி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட சனங்க. 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர்க்காரர் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினார். அதைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைக்கும் ஆசை வந்தது. வீட்டுக்குத் தெரியாமல் பழகினார். 2000-ல் மாநிலப் போட்டியில் ஜெயித்து பேப்பரில் படம் வந்த பிறகுதான் அப்பாவுக்கே விசயம் தெரியும். 2001-ல் பெண்களுக்கு முதல் முறையாக உலகப் போட்டி நடந்தபோது வெள்ளி. அதுக்கப்புறம் 2002, 2005, 2006, 2008, 2010, 2018 என்று ஆறு தங்கம். 2007-ல் இரட்டைப் பிள்ளை பெற்றவர் 2008-ல் ஜெயித்துக்கொண்டு வந்தார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்த்ததே 2012-ல்தான். அதுவும் மூணே எடை: 51, 60, 75 கிலோ. நாற்பத்தெட்டிலும் அதுக்குக் கீழேயும் சண்டை போட்டு ஜெயித்தவருக்கு அங்கே இடமே இல்லை. உடம்பை ஏற்றிக்கொண்டு 51-க்குப் போய், தன்னைவிட உசரமான ஆட்களோடு மோதி வெண்கலம் வாங்கினார். சின்ன உடம்புக்காரி என்பதற்காக யாரும் விதியை மாற்றவில்லை. இதைச் சொன்னபோது எங்க சின்னம்மா, "நமக்கு எவன் மாத்தி வச்சான்" என்றார்கள்.

அண்ணன் மகள் சொன்னது 2019-ல் நடந்தது. தெலங்கானாவில் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன் அதே 51 கிலோவில் வளர்ந்து வந்தார். 2011-லேயே இளையோர் உலகப் போட்டியில் தங்கம் வாங்கினவர். சின்ன ஊரில் ஒரு முஸ்லிம் பெண் அரைக்கால் டவுசர் போட்டுச் சண்டை பழகினால் என்னென்ன பேச்சு வரும் என்பது நமக்குத் தெரியும். அத்தனையும் கேட்டு வந்தவர். அந்த வருசம் உலகப் போட்டிக்கு மேரி கோமைத் தேர்வுப் போட்டி வைக்காமலேயே அனுப்பினார்கள். ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கும் அப்படித்தான் என்ற பேச்சு வந்ததும், எனக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள், மோதிப் பார்க்கிறோம் என்று நிகத் விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். யார் அந்தப் பெண் என்கிற மாதிரி மேரி கோம் கேட்டார். கடைசியில் டிசம்பர் 28 அன்று டில்லியில் போட்டி வைத்தார்கள். மேரி 9-1 என்று ஜெயித்தார். முடிந்ததும் கைகொடுக்கவில்லை. மரியாதை வேணும்னா முதலில் மரியாதை கொடுக்கணும் என்று பேட்டியும் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு? ஜெயிக்க விடுன்னா கேட்டுச்சு? ஆட விடுன்னுதான கேட்டுச்சு!" அண்ணன் மகளுக்குக் குரல் கம்மிவிட்டது.

நிகத் 2022-ல் இஸ்தான்புல்லிலும் 2023-ல் டில்லியிலும் உலகப் பட்டம் வாங்கினார். மேரி கோம் 2021-ல் டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவிடம் தோற்றார். ஜெயித்துவிட்டதாக நினைத்து கையைத் தூக்கினார். நடுவர் தூக்கியது எதிராளியின் கையை. அடுத்த வருசம் முழங்காலில் அடி. சர்வதேசப் போட்டிகளில் நாற்பது வயசுக்கு மேலே ஏற விடமாட்டார்கள். அத்தோடு சரி.

அதுக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். கட்சி வேலை பார்க்கிற ஒரு தம்பி, "அவங்கள 2016-ல ராஜ்யசபாவுல நியமிச்சது யாரு? 2023-ல மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைன்னு தெருவுல உக்கார்ந்தப்ப விசாரணைக் குழுவுக்குத் தலைவரா இருந்தாங்களே, என்ன செஞ்சாங்க? அறிக்கையை முழுசா வெளியிடக்கூட இல்ல. அந்தப் பிள்ளைக மறுபடியும் ஜந்தர் மந்தருக்குத்தான் வந்து உக்கார்ந்தாங்க" என்று கேட்டான். கேட்டது நியாயம். பதில் யாரிடமும் இல்லை.

இன்னொருத்தன் எதிர்த்தான். "2023 மே மாசம் மணிப்பூர் பத்தி எரிஞ்சப்ப, என் மாநிலம் எரியுது, உதவி பண்ணுங்கன்னு பிரதமருக்குப் பகிரங்கமா எழுதுனாங்களா இல்லையா? ஆகஸ்ட்ல உள்துறை அமைச்சருக்கும் எழுதுனாங்க. ரெண்டு பெரிய கூட்டத்துக்கு நடுவுல எங்க கோம் சனங்க மாட்டிக்கிட்டோம், எங்க ஊர்களைக் காப்பாத்துங்கன்னு. ஆறு தடவை உலகத்தை ஜெயிச்சவங்க தன்னோட ஊரைக் காப்பாத்துங்கன்னு மனு எழுத வேண்டியிருக்கு. இதுல அவங்களை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்?"

சின்னம்மா வேறொரு விசயம் கேட்டார்கள். "மேரின்னு பேர் வச்சிருக்காகளே, வேதக்காரவுகளா?" ஆமாம் என்றேன். "அப்ப சலுகை கிலுகை?" வேதத்துக்குப் போனாலும் பழங்குடி பழங்குடிதான், சட்டம் அதைப் பறிக்கவில்லை என்றேன். சின்னம்மா பேரும் மேரிதான். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி வேதத்துக்குப் போன தலித் பட்டியல் சாதி கிடையாது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நாங்க வெளியில்தான் நிற்கிறோம். சர்ட்டிபிகேட்டில் பி.சி., தெருவில் பழைய பேர்தான். சின்னம்மா யோசித்துவிட்டு, "அவுகளாவது இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். பொறாமையே இல்லாமல் சொன்னார்கள். எனக்கு அந்த மனசு வராது.

2014-ல் வந்த சினிமாவைப் பற்றியும் பேச்சு வந்தது. மேரி கோமாக பிரியங்கா சோப்ரா நடித்தார். வடகிழக்கில் ஒரு நடிகை கூடவா கிடைக்கவில்லை? அந்தப் படம் மணிப்பூர்த் தியேட்டர்களில் ஓடவும் இல்லை. அங்கே 2000-த்திலிருந்து ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்டிருந்தது. அந்த முகத்தைக் கேலி செய்கிற தேசம், அந்த முகம் ஜெயித்ததும் வேறு முகத்தை வைத்துப் படம் எடுத்துக் கை தட்டியது. பதக்கம் நாட்டுக்கு, மூக்கும் கண்ணும் அவங்களுக்கே.

நமக்கும் இது புதுசு இல்லை. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது வடசென்னைக் குத்துச்சண்டை பற்றித் தமிழ்நாடே பேசியது. உடனே எம்.ஜி.ஆர். பங்கை மறைத்துவிட்டார்கள் என்று அ.தி.மு.க. முன்னாள் அமைச்சர் அறிக்கை விட்டார். எந்தக் கட்சி குத்துச்சண்டையை வளர்த்தது என்று பட்டிமன்றம் நடந்தது. மூக்குடைந்தவன் எந்தத் தெருக்காரன், கடைசிக் காலத்தில் என்ன ஆனான் என்பது அந்தச் சத்தத்தில் கேட்காமல் போனது.

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் மகள் கேட்ட கேள்வி மேரி கோமோடு நிற்கவில்லை. அது எங்க வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

எங்க பெரியய்யாவுக்கு இப்போது எண்பது வயசு. காலமெல்லாம் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினவர். சடுகுடுவில் அவர் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான், மாடு கட்டின மாதிரி என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அவர் ஆடாத ஊர் கிடையாது. ஒரு ஊர்க் கிளப்பில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பேர் வேண்டாம். ஆதிக்க சாதிக்காரர்கள் நடத்தினது. ஆட்டத்தில் தொட்டால் தீட்டு கிடையாது. ஆட்டம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது தீட்டு வந்துவிடும். ஒரு தடவை பெரிய கோப்பை ஜெயித்தார்கள். போட்டோ எடுக்க ஆள் வந்தது. பெரியய்யாவை சோடா வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வருவதற்குள் போட்டோ எடுத்தாகிவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு அது அந்தக் கிளப்பில் ரொம்ப நாள் தொங்கியது. படத்தில் ஆறு பேர். கபடிக்கு ஏழு பேர் என்று தெரிந்த யாரும் ஏழாவது ஆள் எங்கே என்று கேட்கவில்லை.

இந்தக் கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மாணவர் முகாமில், இலக்கியக் கூட்டத்தில், அம்பேத்கர் நூற்றாண்டு விழாவில். சொல்லும்போதெல்லாம் கூட்டம் அமைதியாகிவிடும். எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் சொல்லாத கதை ஒன்று உண்டு.

1987-ல் எங்க தெருப் பசங்களே சேர்ந்து டீம் கட்டினோம். பெரியய்யாதான் கேப்டன். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. பாடிப் போனால் ரெண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன். அவருக்கு முழங்கால் போய்விட்டது. வீங்கின காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினார். பைனலுக்கு முந்தின நாள் பசங்க அவரிடம் போய், "நீங்க வெளிய இருந்து சொல்லிக்குடுங்க, இவன் எறங்கட்டும்" என்றார்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் உசுரோட இருக்கையில இந்தப் பயலா?" என்றார். நான் தண்ணிக் குடத்தோடு கோட்டுக்கு வெளியே நின்றேன். மூணு தடவை அவரைத் தூக்கிப் போட்டார்கள். தோற்றோம். அதுக்குப் பிறகு நான் கோட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. எட்டு வருசம் அவரோடு பேச்சும் இல்லை.

ஏன் இதை மேடையில் சொல்லவில்லை? சொன்னால், "பாரு, இவனுகளுக்குள்ளயே இப்படித்தான்" என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை. நம்மைப் பற்றி நாம் சொல்லும் குறையை நாளைக்கே நமக்கு எதிராகத் திருப்புவார்கள். ஆனால் அந்தப் பயத்தில் நான் என்ன செய்தேன்? பெரியய்யாவைப் படத்தில் இல்லாத ஏழாவது ஆளாக மட்டும் ஆக்கிவிட்டேன். கிளப்காரர்கள் அவர் முகத்தை எடுத்துவிட்டார்கள். நான் அவர் கோபத்தையும் ஆசையையும் பிடிவாதத்தையும் எடுத்துவிட்டேன்.

பெரியய்யா வீட்டுச் சுவரில் ரொம்ப காலம் ஒரு பேப்பர் படம் ஒட்டியிருந்தது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடினாரே, அப்போது வந்த படம். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967-ல் பட்டத்தை இழந்த அலிதான் அவருக்குக் குலசாமி. எனக்கும்தான். ஜோ பிரேசியர் கதையைப் பின்னாளில்தான் படித்தேன். பிரேசியர் தென்கரோலினாவில் பண்ணை வேலை பார்த்து வளர்ந்தவர். அலியை விடக் கறுப்பு, அலியை விட ஏழ்மை. அலிக்குத் தடை இருந்த காலத்தில் பண உதவி செய்தார், தடையை நீக்கச் சொல்லியும் பேசினார். அவரைத்தான் 1975-ல் மணிலா சண்டைக்கு முன்னால் கொரில்லா என்று அலி கேலி செய்தார். வெள்ளைக்காரன் கறுப்பரை வைகிற அதே வசவு. கறுப்பே அழகு என்று சொன்ன வாய்தான் அதையும் சொன்னது. பிரேசியர் அந்த வலியைச் சாகும் வரை சுமந்தார். 2001-ல் அலி மன்னிப்புக் கேட்டார். 2011-ல் பிரேசியர் செத்தபோது, நடுங்கும் உடம்போடு போய் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. பிரேசியர் வாழ்ந்த பிலடெல்பியாவில் 'ராக்கி' என்ற சினிமா குத்துச்சண்டைக்காரனுக்கு எண்பதுகளிலேயே சிலை வந்துவிட்டது. நிஜமாகவே உலகப் பட்டம் வாங்கின பிரேசியருக்கு, செத்து நாலு வருசம் கழித்து 2015-ல்தான் சிலை வைத்தார்கள். கற்பனை வெள்ளைக்காரன் முந்திக்கொண்டான். அவர் பயிற்சி கொடுத்த ஜிம் 2008-ல் மூடப்பட்டு நாற்காலி மேசை விற்கிற கடை ஆனது.

ஒடுக்கப்பட்டவர்களில் ஜெயித்தவர் ஏன் தனக்குப் பின்னால் வருகிறவரின் கையைத் தட்டிவிடுகிறார்? குணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒலிம்பிக்கில் ஒரு எடைக்கு ஒரு நாட்டுக்கு ஒரே இடம். பணக்கார விளையாட்டுக்காரனுக்கு அந்த இடம் போனால் அப்பன் சொத்து இருக்கிறது, கமெண்டரி இருக்கிறது, அகாடமி இருக்கிறது. காங்காதெய்யிலிருந்து வந்தவருக்குக் கோடு போட்ட அந்த நாலு கயிற்றுக்குள் மட்டும்தான் மரியாதை. வெளியே வந்தால் மறுபடியும் சின்ன இனம், சின்ன ஊர், கேலி முகம். எங்க பெரியய்யாவுக்கும் அப்படித்தான். கோட்டுக்குள் இருக்கும்வரை அவர் புலி. வெளியே வந்தால் கவாத்துக் கூலி. அந்தக் கோட்டை எனக்கு விட்டுக்கொடு என்று கேட்டது, அவருக்கு உசுரைக் கொடு என்று கேட்ட மாதிரி இருந்திருக்கும்.

இது புரிந்ததால் அன்றைக்கு அவர் செய்தது சரியாகிவிடாது. தேர்வுப் போட்டி கேட்ட நிகத்தின் நியாயமும் குறைந்துவிடாது. தோழர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம். நம்ம ஆட்களைப் பற்றி நாமே இப்படி எழுதலாமா என்று கேட்கலாம். நான் கேட்பது வேறு. நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? அரசாங்கம் மேரி கோமுக்கு பத்ம விபூஷண் கொடுத்திருக்கிறது, அது பதக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். சினிமா அழுகையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கோம் சனங்களின் ஊருக்காக அவர் எழுதின கடிதத்தையும், நிகத்துக்குக் கொடுக்காத கையையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். பூஜைக்கு வைத்த படத்திடம் போய் எனக்கும் இடம் விடு என்று ஒரு பிள்ளை கேட்க முடியாது. மனுசியாக வைத்திருந்தால் கேட்கலாம், சண்டையும் போடலாம்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளிடம் 1987-ஐச் சொன்னேன். அதுவரை என் வீட்டுக்காரிக்கே முழுசாகத் தெரியாது. அண்ணன் மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அவள்தான் ஒரு வழி சொன்னாள். கோப்பைக்கு மேரி கோம் பேரே இருக்கட்டும். ஆனால் ஒரு விதி. ஆட்டம் முடிந்ததும் ரெண்டு டீமும் வரிசையாக வந்து கைகொடுத்த பிறகுதான் கோப்பை. அடுத்த வருசம் ஜெயிக்கிற டீமுக்கு, போன வருசம் ஜெயித்த கேப்டனே தன் கையால் அதைக் கொடுக்கணும். வரமாட்டேன் என்றால் அந்த டீமுக்கு அந்த வருசம் ஆட்டம் கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

போட்டி அன்றைக்குப் பெரியய்யாவைக் கட்டிலோடு தூக்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டோம். பிள்ளைக ஆடுவதைக் கண் இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகொடுக்கிற வரிசை வந்ததும், "இது என்னடா புதுசா?" என்றார். மேரி கோம், நிகத் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அன்னைக்கு உன்னைய எறக்கி விட்டிருந்தா செயிச்சிருப்போமாடா?"

முப்பத்தெட்டு வருசமாக அவர் அதை மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

"தெரியல பெரியய்யா."

"செயிச்சிருக்க மாட்டோம். அவய்ங்க நல்ல டீமு." வெற்றிலையைத் துப்பினார். "ஆனா நீ ஆடியிருப்ப."

அவர் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடித்து அவருக்கு வாசித்தும் காட்டினேன். சோடா வாங்கப் போன இடத்தில் சிரித்தார். தண்ணிக் குடம் வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். பைனலில் அவரைத் தூக்கிப் போட்டது மூணு தடவை இல்லையாம், ரெண்டு தடவைதானாம்.

எனக்கு மூணு என்றுதான் ஞாபகம். ரெண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.